பாட்டும் கயிறும்

காலடிப்பேட்டை என்ற பெயரைக் கேட்டதும், யாருடைய காலடி என்று கேட்கத் தோன்றும். திருவொற்றியூர்த் தியாகேசர் பக்கத்திலேயே இருப்பதால், ஆடுகிற பெருமானின் காலடிதான் என்று சொல்லி நம் ஊர்ப் பௌராணிகர் ஒருவர் அரை மணி நேரம் கதை பண்ணிவிடலாம். கேட்கிறவர்களும் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். உண்மை வேறு. 1717 முதல் 1720 வரை சென்னைக் கோட்டையில் கவர்னராக இருந்த ஜோசப் காலட் என்ற ஆங்கிலேயர், கம்பெனிக்குத் துணி நெய்து தரும் நெசவாளர்களைக் குடியேற்றிய பேட்டை இது. காலட் பேட்டை. நம் ஜனங்களின் நாக்கு அந்த அந்நியப் பெயரைக் கொஞ்ச காலம் உருட்டிப் பார்த்தது. பிறகு காலும் அடியும் வைத்து அதை நடக்க விட்டுவிட்டது. 2021ஆம் ஆண்டில் இந்தப் பக்கம் மெட்ரோ ரயில் வந்தபோது நிலையத்துக்கும் அதே பெயரைச் சூட்டினார்கள். முந்நூறு வருஷங்களுக்கு முன் கப்பலேறிப் போய்விட்ட ஒரு துரையின் பெயரை ஒலிபெருக்கி தினமும் அறிவிக்கிறது. யாருக்கும் உறுத்தவில்லை.

உறுத்தவும் வேண்டியதில்லை என்பது என் கட்சி. இரவல் வாங்குவது பாவமில்லை. வாங்கியதைத் தனதாக்கிக்கொள்வது ஒரு சாமர்த்தியம் என்றுகூடச் சொல்லுவேன். ஆனால் இரவல் விஷயத்தில் எனக்கு வெகு நாளாக ஒரு கேள்வி உண்டு. ஒருவரிடமிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளும்போது, பக்கத்திலேயே இருக்கிற இன்னொன்றைத் தொடாமல் விட்டுவிடுகிறோமே, அது ஏன்? எடுத்ததில் நம் ரசனை தெரிகிறது. விட்டதில் நம் மனசு தெரிகிறது.

இந்தக் கேள்வியை ஆராய்வதற்குக் காலடிப்பேட்டையை விட்டு அதிக தூரம் போகவேண்டாம். மேற்கே கொஞ்சம் நடந்தால் மணலி. இன்று மணலி என்றால் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையின் புகைபோக்கிதான் நினைவுக்கு வரும். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் மணலி என்றால் சங்கீதம். அங்கே இருந்த செல்வந்தர் முத்துக்கிருஷ்ண முதலியார், கம்பெனியின் துபாஷி. அவர் ராமசுவாமி தீக்ஷிதரைக் குடும்பத்தோடு அழைத்து வந்து மணலியில் வைத்து ஆதரித்தார். முதலியாருக்குப் பிறகு அவர் மகன் சின்னையா முதலியாரும் அந்தக் குடும்பத்தைக் கைவிடவில்லை. துபாஷியின் வீட்டுக்கும் கோட்டைக்கும் போக்குவரத்து இருந்தது. அதனால் தீக்ஷிதரின் பிள்ளைகள் கோட்டையில் வெள்ளைக்காரர்களின் பாண்டு வாத்தியத்தைக் கேட்டார்கள் என்று சொல்வார்கள். அந்தப் பிள்ளைகளில் ஒருவர் பாலுசுவாமி. அவர் ஐரோப்பிய ஆசிரியர் ஒருவரிடம் பிடில் கற்றுக்கொண்டார். இன்று பிடில் இல்லாத கச்சேரியை நினைத்துப் பார்க்க முடிகிறதா? இன்னொருவர் முத்துசுவாமி தீக்ஷிதர். 1775இல் பிறந்து 1835இல் மறைந்த மகான். அவர் அந்த பாண்டு மெட்டுகளில் சுமார் நாற்பதுக்கு சமஸ்கிருதத்தில் சாகித்தியம் எழுதினார். நோட்டு ஸ்வரம் என்று அவற்றுக்குப் பெயர். எல்லாம் சங்கராபரணம். கமகம் இல்லை, நெளிவு இல்லை. தரையில் வரிசையாக வைத்த கால் மாதிரி ஸ்வரங்கள். பாட்டுக் கற்கும் குழந்தைகளுக்கு இன்றும் அவற்றைச் சொல்லிக்கொடுக்கிறார்கள். ‘சந்ததம் பாஹிமாம்’ என்பதன் மெட்டு ஆங்கிலேயரின் ராஜ வாழ்த்து என்பது அநேகருக்குத் தெரியும். மற்றவற்றில் பல என்ன மெட்டுகள் என்பது அவ்வளவாகத் தெரியாது. அவை நடன மெட்டுகள். ஜிக், ரீல் என்று அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் இங்கிலாந்திலும் ஆணும் பெண்ணும் வரிசை கட்டி ஆடியவை.

அந்த ஆட்டம் எப்படி இருக்கும் என்று கொஞ்சம் சொல்லவேண்டும். இந்தக் கட்டுரையின் உயிர் அதில்தான் இருக்கிறது.

இங்கிலாந்தில் அதற்குக் கன்ட்ரி டான்ஸ், அதாவது நாட்டுப்புற ஆட்டம், என்று பெயர். ஜான் பிளேஃபோர்டு என்ற புத்தக வியாபாரி 1651ஆம் ஆண்டில் அந்த ஆட்டங்களையும் மெட்டுகளையும் தொகுத்து அச்சிட்டார். பிரெஞ்சுக்காரர் வாயில் அந்தப் பெயர் கோந்த்ரதான்ஸ் ஆயிற்று. எதிர் ஆட்டம் என்று அர்த்தமும் மாறிவிட்டது. அமெரிக்காவுக்குப் போய் காண்ட்ரா என்று குறுகியது. காலட் காலடியானதை வேடிக்கை என்று நினைத்தோம்; எல்லா நாட்டு நாக்கும் ஒரே ஜாதிதான் போலும்! அமெரிக்காவின் வடகிழக்கில், நியூ இங்கிலாந்துப் பிரதேசத்துக் கிராமங்களில், அந்த ஆட்டம் அற்றுப்போகாமல் நின்று, இன்றும் ஆடப்படுகிறது.

இரண்டு நீள வரிசைகள் எதிரும் புதிருமாக நிற்கும். ஜோடி ஜோடியாக ஆட்கள். மேல் கோடியில் வாத்தியக்காரர்கள். மேலிருந்து தொடங்கி இரண்டு ஜோடிக்கு ஒரு கூட்டம் என்று நாலு நாலு பேராகப் பிரித்துக்கொள்வார்கள். மெட்டு இரண்டு பகுதி. ஒவ்வொன்றையும் இரண்டு தரம் வாசிப்பார்கள். மொத்தம் 32 பார், அதாவது 64 காலடி. சுமார் அரை நிமிஷத்தில் முடிந்துவிடும். அந்த அரை நிமிஷத்துக்குள் நாலு பேரும் கைகோத்து வட்டம் சுற்றவேண்டும். நடுவில் வலக்கைகளைச் சேர்த்து நட்சத்திரம் போலச் சுழலவேண்டும். ஒருவர் தோளை ஒருவர் உரசாமல் முதுகுப்பக்கம் சுற்றி வரவேண்டும். பெண்கள் குறுக்கே கடந்து போய்த் திரும்பவேண்டும். ‘ஹே’ என்று ஓர் அடவு இருக்கிறது. நாலு பேரும் வலமும் இடமுமாக ஒருவரை ஒருவர் கடந்து, சடை பின்னுகிற மாதிரி நடப்பார்கள். மெட்டின் இன்ன இடத்தில் இன்ன அடவு என்று முன்கூட்டியே ஏற்பாடு. ஆரம்பத்தில் ஒருவர் உரக்கச் சொல்லிக்கொடுப்பார். பழகிவிட்டால் அவர் வாயை மூடிக்கொள்வார். பிறகு மெட்டே சொல்லும்.

விசேஷம் அந்த 64ஆவது காலடியில் இருக்கிறது. மெட்டு ஒரு சுற்று முடியும்போது ஒவ்வொரு ஜோடியும் தான் நின்ற இடத்தில் இராது. ஒரு ஜோடி கீழே ஓர் இடம் இறங்கியிருக்கும். மற்றது மேலே ஓர் இடம் ஏறியிருக்கும். எதிரே புதிய முகங்கள். அதே மெட்டு, அதே அடவு, புதிய கைகள். எட்டுப் பத்து நிமிஷம் இப்படியே ஆடினால், வரிசையில் உள்ள ஏறக்குறைய எல்லாரோடும் கைகோத்தாகிவிடும். கோடிக்குப் போய்ச் சேருகிற ஜோடிக்கு எதிரே ஆள் இராது. அவர்கள் ஒரு சுற்றுச் சும்மா நிற்கவேண்டும். நின்று, திரும்பி, மறுபடி உள்ளே வந்துவிடவேண்டும்.

நான் கதை எழுதுகிறவன். எனக்கு நடனம் தெரியாது. ஆனால் இந்த ஏற்பாட்டைப் படித்துத் தெரிந்துகொண்டபோது, நீதி சாஸ்திரம் எழுதினவர்கள் இதைப் பார்த்திருக்க வேண்டும் என்று நினைத்தேன். மேலே நிற்பவன் மேலேயே நிற்க முடியாது. கீழே நிற்பவன் கீழேயே கிடக்க மாட்டான். ‘இவள் கையைப் பிடிப்பேன், அவள் கையைப் பிடிக்கமாட்டேன்’ என்று ஒருவன் பொறுக்கி எடுக்க ஆரம்பித்தால், அவனுக்கு மட்டும் நஷ்டமில்லை. வரிசை முழுவதும் குழம்பிவிடும். சட்டம் கடுமையானது. ஆனால் அந்தச் சட்டம் இருப்பதனால்தான், பெயர் தெரியாத ஒருவருக்குக் கூச்சமில்லாமல் கை நீட்ட முடிகிறது.

உடனே அதைச் சொர்க்கலோகமாக்கிவிட வேண்டாம். பதினெட்டாம் நூற்றாண்டின் ஆங்கில நடன மண்டபங்களில் வரிசையின் தலைமாட்டில் யார் நிற்பது என்பதற்குக் குலமும் அந்தஸ்தும் பார்த்தார்கள். சண்டை வராதிருக்கச் சில இடங்களில் சீட்டுப் போட்டதும் உண்டு. பழைய ஆட்டங்களில் இறங்குகிற ஜோடிக்கே பெரும்பாலும் வேலை. ஏறுகிற ஜோடி ஏறக்குறைய நின்று பார்த்துக்கொண்டிருக்கும். எல்லாருக்கும் சமமாக வேலை வைக்கிற ஆட்டங்கள் பெருகியது இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான். நம் சென்னையிலோ? இன்று எழும்பூரில் மியூசியம் இருக்கிற இடத்தில் அந்நாளில் பாந்தியன் என்ற கேளிக்கை மண்டபம் இருந்தது. பாந்தியன் சாலை என்ற பெயர் அதன் மிச்சம். அங்கே துரைகளும் துரைசானிகளும் ஆடினார்கள். அந்த வரிசையில் கைகோத்து நிற்க நம்மவருக்கு இடம் இருந்ததில்லை.

நம்மவர் மட்டும் துடித்துக்கொண்டிருந்தார்களா? அதுவும் இல்லை. துரையே மனமிரங்கிக் கை நீட்டியிருந்தாலும், அந்தக் காலத்து ஆசாரசீலர் எவரும் தொட்டிருக்க மாட்டார். தொட்டிருந்தால் வீட்டுக்கு வந்து கிணற்றடியில் தலை முழுகியிருப்பார். மதிலின் இரண்டு பக்கத்திலும் இரண்டு விதமான தீட்டு. ஆக, மதிலைத் தாண்டிப் பாட்டு வந்தது, கை வரவில்லை.

இங்கே ஒரு நண்பர் என்னை மறிப்பார். “பாட்டு வந்ததே போதாதா, ஐயா? காற்றுக்கு ஜாதி உண்டா, நிறம் உண்டா? மனிதன் தாண்ட முடியாத மதிலைத் தாண்டத்தான் கலை இருக்கிறது. அந்த மெட்டுகளைத் தீக்ஷிதர் பூஜைக்குரியதாக ஆக்கினாரே, அதைவிடப் பெரிய மரியாதை என்ன?”

இந்த வாதத்தை நான் அலட்சியம் செய்யமாட்டேன். தீக்ஷிதர் செய்தது பெரிய காரியம். ஆளுகிறவனுடைய பாட்டு என்று வெறுக்கவுமில்லை, ஆளுகிறவனுடைய பாட்டு என்று கூழைக்கும்பிடு போடவுமில்லை. நல்ல ஸ்வரம் என்று எடுத்துக்கொண்டார். அந்தத் தைரியம் எத்தனை பேருக்கு வரும்? குறை அவரிடத்தில் இல்லை. ஆனால் நண்பரின் வாதத்தில் ஓர் ஆபத்து இருக்கிறது. பாட்டு தாண்டிவிட்டதனால் நாமும் தாண்டிவிட்டோம் என்று நாம் நம்ப ஆரம்பித்துவிடுகிறோம். ஸ்வரம் போய்ச் சேர்ந்த இடத்துக்குக் கால் போய்ச் சேரவில்லை என்பது மறந்துபோகிறது.

வெள்ளைக்காரர் கதை பழங்கதை. நம் கதைக்கு வருகிறேன்.

நமக்கும் வரிசை ஆட்டம் உண்டு. கும்மி உண்டு, கோலாட்டம் உண்டு. கோலாட்டத்திலும் பின்னல் கோலாட்டம் என்று ஒன்று, அந்த ‘ஹே’ என்ற அடவுக்கு அக்காள் என்றே சொல்லலாம். காலடிப்பேட்டைக்குப் போயிருந்தபோது, எண்பது வயது தாண்டிய அம்மாள் ஒருவரிடம் அதைப்பற்றிக் கேட்டேன். நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர். இந்தப் பக்கத்துத் தெரு ஒன்றில் சிறு பெண்ணாக இருந்தபோது ஆடியவர்.

“மேல ஒரு வளையம் கட்டிக் கயிறு தொங்கும், தம்பி. பன்னெண்டு கயிறுன்னா பன்னெண்டு பொண்ணு. ஒரு கையில கயிறு, ஒரு கையில கோல். பாதிப் பேரு இப்படிப் போவாங்க, பாதிப் பேரு அப்படிப் போவாங்க. ஒருத்திய உள்பக்கமா தாண்டுனா அடுத்தவள வெளிப்பக்கமா தாண்டணும். பாட்டு முடியச்சொல்ல மேலே ஜடை மாதிரி பின்னி நிக்கும். எங்கப்பா பார்த்துட்டு, ‘தறியில நான் பண்றத நீங்க காலால பண்றீங்க’ன்னுவாரு.”

“பிரிப்பது எப்படி?”

“வந்த வழியே போவணும். ஒருத்தி அடி மாறினா முடிச்சு விழுந்துடும். அப்புறம் ஏணி போட்டுத்தான் பிரிக்கணும்.”

சிரித்தார். பிறகு, நான் கேட்காமலே ஒரு விஷயம் சொன்னார்.

“குப்பத்துப் பொண்ணு ஒருத்தி இருந்தா. அவங்க அம்மா மீன் விக்க வரும், இவ கூட வருவா. நாங்க பழகறப்போ தூண்கிட்ட நின்னு பார்ப்பா. பாட்டு அத்தனையும் மனப்பாடம் அவளுக்கு. நாங்க அடி மறந்து முழிச்சா அங்கேருந்து அவதான் எடுத்துக் குடுப்பா. வாத்தியாரம்மாவே, ‘கேட்டீங்களாடி, அந்தப் பொண்ணு எவ்ளோ கரெக்டா பாடுது’ன்னுவாங்க. ஆனா கயிறு குடுக்க மாட்டாங்க. ஒரு வருஷம் ஆட்டத்தன்னிக்கு எங்கள்ல ஒருத்திக்கு ஜொரம். பதினொண்ணு ஆயிடுச்சு. ஒத்தப்படையில பின்னல் விழாது.”

“பிறகு என்ன செய்தார்கள்?”

“இன்னொருத்திய உக்கார வெச்சுட்டாங்க. பத்துப் பேரு ஆடுனாங்க. மிச்சம் ரெண்டு கயித்தயும் சுருட்டி மேலே கட்டிட்டாங்க.”

“அந்தப் பெண்ணைக் கூப்பிடலாம் என்று யாருக்கும் தோன்றவில்லையா, அம்மா?”

“தோணாம என்ன தம்பி? எல்லாருக்கும்தான் தோணிச்சு. வாய் வரல.”

“உட்கார வைத்தது யாரை?”

“என்னத்தான். ரெண்டு மாசம் பழகி, புதுப் பாவாடை கட்டிக்கினு வந்திருந்தேன். அழுதுகினே போய் அவ பக்கத்துல தூண்கிட்ட நின்னேன். ரெண்டு பேரும் பாடுனோம்.”

இதை ஒரு பெரிய அநியாயமாகச் சொல்ல அவர் முயலவில்லை. அந்தக் காலத்து நடப்பு என்றுதான் சொன்னார். எனக்குத்தான் அந்த இரண்டு கயிறும் கண்ணை விட்டு அகலவில்லை. நன்றாகக் கணக்குப் பாருங்கள். ஒரு கயிற்றுக்கு ஆள் இல்லை. பக்கத்திலேயே பாட்டுத் தெரிந்த ஆள் இருக்கிறது. கூப்பிட்டிருந்தால் பன்னிரண்டு. கூப்பிடாததனால் பத்து. வெளியே நின்றவளுக்கு இடம் தர மனமில்லாமல், உள்ளே இருந்த தங்கள் பெண் ஒருத்தியையும் வெளியே அனுப்பிவிட்டார்கள். ஒருவரை விலக்கி வைக்கிறவர்கள், நஷ்டம் அந்த ஒருவருக்குத்தான் என்று நினைக்கிறார்கள். நஷ்டம் எப்போதும் ஜோடியாகத்தான் வருகிறது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அந்தப் பெண்ணின் பாட்டை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. வாத்தியாரம்மாள் புகழ்ந்தார், மற்றப் பெண்கள் அவளிடமிருந்து அடி எடுத்துக்கொண்டார்கள். பாட்டுக்குத் தீட்டு இல்லை, கயிற்றுக்கு இருந்தது. ஏன்? பாட்டை எடுத்துக்கொண்டால் நாம் நம் இடத்தை விட்டு அசைய வேண்டியதில்லை. கயிற்றைக் கொடுத்தால் அசைய வேண்டும். அவள் நம்மைத் தாண்டிப் போவாள். நாம் அவளைத் தாண்டிப் போவோம். மேலே அவள் கயிறும் நம் கயிறும் ஒன்றாகப் பின்னிக்கொள்ளும். அப்புறம் வந்த வழியே ஒவ்வோர் அடியாகப் போனாலொழிய அவற்றைப் பிரிக்க முடியாது.

அதெல்லாம் அந்தக் காலம் என்று சொல்கிறவர்களுக்காக இந்தக் காலத்து உதாரணம் ஒன்று சொல்கிறேன். ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டைப் பக்கத்துக் கானா பாட்டு ஒரு காலத்தில் சாவு வீட்டு வாசலில் ஒலித்தது. தெற்குச் சென்னையின் கௌரவமான வீடுகளில் அதைக் கேட்டால் ஜன்னலைச் சாத்துவார்கள். பிறகு அது சினிமாவுக்கு வந்தது. அப்புறம் கல்யாண ரிசப்ஷனுக்கு வந்தது. இன்று பட்டு வேஷ்டி கட்டிய மாமாக்களும், வைரத்தோடு போட்ட மாமிகளும் அந்தத் தாளத்துக்குக் கை தட்டுகிறார்கள். பிள்ளைகள் ஆடித் தீர்க்கிறார்கள். சந்தோஷம். இரவல் வாங்குவது பாவமில்லை என்று முதலிலேயே சொன்னேனே. ஆனால் மறுநாள் காலையில், அதே வீட்டு மாடிப் போர்ஷன் காலியாக இருக்கிறது என்று கேட்டுக்கொண்டு ஓர் இளைஞன் வருகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்ல உத்தியோகம், நல்ல சட்டை. “சொந்த ஊர் எது, தம்பி?” என்று கேட்கிறோம். “காசிமேடு சார்” என்கிறான். “அடடா, நேற்றுத்தான் ஒருத்தருக்கு வாக்குக் கொடுத்துவிட்டோமே!” என்கிறோம். அவனும் புரிந்துகொண்டு படி இறங்கிவிடுகிறான். மாடியில் போர்ஷன் காலியாகவே இருக்கிறது, சுருட்டிக் கட்டிய கயிறு மாதிரி.

எல்லாரையும் எப்போதும் எல்லாவற்றிலும் சேர்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். உலகத்தில் காத்திருப்பது என்பது இருந்தே தீரும். கயிறு பன்னிரண்டுதான், பெண்கள் இருபது பேர் இருக்கலாம். வரிசையின் கோடியில் யாராவது நிற்கத்தான் வேண்டும். அதனால் காத்திருக்க வைப்பதையே அநீதி என்று நான் சொல்லமாட்டேன். நீதியான காத்திருப்பையும் அநீதியான காத்திருப்பையும் பிரித்துக் காட்ட ஒரு கோடு வேண்டும். எத்தனையோ பெரிய புத்தகங்கள் அதைத் தேடியிருக்கின்றன. அயல்நாட்டுக் கிராமத்து ஜனங்கள் பிடில் சத்தத்துக்கு நடுவில் அந்தக் கோட்டை மிக எளிதாகப் போட்டு வைத்திருக்கிறார்கள். கோடிக்கு வந்த ஜோடி ஒரு சுற்று நிற்கும். மெட்டு முடிந்து மறுபடி தொடங்கியதும், எதிரே உள்ள ஜோடி கை நீட்டியாக வேண்டும். நீட்டலாமா என்று யோசிக்க அங்கே நேரமும் இல்லை, அனுமதியும் இல்லை.

தூணோரம் நின்ற பெண்ணுக்கு அந்த அடுத்த சுற்று வரவேயில்லை. எத்தனையோ மெட்டுகள் முடிந்து எத்தனையோ மெட்டுகள் தொடங்கின. அவள் பாட்டுக்கு அடி எடுத்துக் கொடுத்துக்கொண்டே நின்றாள்.

நம் ஒவ்வொருவர் தெருவிலும் அப்படி ஒரு தூண் இருக்கிறது. அங்கே நிற்கிறவர்களின் பாட்டு நன்றாயிருக்கிறது என்று சொல்ல நமக்குக் காலணா செலவில்லை. அதனால்தான் தாராளமாகச் சொல்கிறோம். அவர்கள் எத்தனை சுற்றாக நிற்கிறார்கள் என்று மட்டும் ஒருதரம் எண்ணிப் பார்க்கலாம். ஒரு சுற்று என்றால், அது ஆட்டத்தின் முறை. அதற்கு மேல் என்றால், நிறுத்தி வைத்திருப்பது நாம்.